நாடும் மக்களும்: செம்பு விளையும் பாலை

நீர் மொள்ளும் கலத்துக்கே செம்பு என்று பெயரிட்டவர் நம் முன்னோர். இன்று அவ்வுலோகம் பூசையறையிலும் சமையற்கட்டிலும் மட்டும் நிற்கவில்லை. சுவருக்குள் ஓடும் மின்கம்பியாகவும், விசிறியின் சுருளாகவும், நீரிறைக்கும் பொறியின் உள்ளுறுப்பாகவும் நம் இல்லமெங்கும் நிறைந்துள்ளது. உலகில் ஆண்டுதோறும் தோண்டியெடுக்கப்படும் செம்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தென்னமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சிலி நாட்டிலிருந்து வருகிறது. அந்நாட்டுச் செம்பிலும் ஏறக்குறையப் பாதியை அந்தோபகாஸ்தா என்னும் ஒரே மாகாணம் தருகிறது. அம்மாகாணத்தின் நிலத்தையும் மக்களையும் இத்திங்கள் காண்போம்.

எங்கோ மண்ணுலகின் மறுபக்கத்தில் உள்ள ஒரு பாலைநிலத்தைப் பற்றி நாம் அறிவதால் என்ன பயன் என்று வாசகர் வினவலாம். பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்து குடியமர்ந்தவர் நாம். அந்த மாகாணமோ, அவ்வாறு வந்தவர்களாலேயே உண்டானது. வேலை ஓர் ஊரை எவ்வாறு ஆக்குகிறது, வேலை போனபின் அவ்வூர் என்னாகிறது, வந்தவரை ஊரார் என்று எண்ணுவது எப்பொழுது என்னும் வினாக்களுக்கு அங்கே கண்கூடான விடைகள் உள்ளன.

நிலத்தின் அமைப்பு

அந்தோபகாஸ்தாவின் பரப்பு 1,26,049 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பு 1,30,060 சதுர கிலோமீட்டர். ஆகவே அளவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள் 7 கோடியே 21 இலட்சம். 2017-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்தோபகாஸ்தாவின் மக்கள் 6,07,534 பேர் மட்டுமே. சதுர கிலோமீட்டருக்கு ஐவர்கூட இல்லை.

நம் முன்னோர் வகுத்த ஐந்திணையில் நெய்தல் வேறு, பாலை வேறு. அந்தோபகாஸ்தாவிலோ அவ்விரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. அலை வந்து மோதும் கரையில் ஒரு புல்லும் இராது. தெற்கிலிருந்து குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டம் கரையோரமாக வருகிறது. அதன்மேல் தங்கும் காற்றும் குளிர்ந்து கனத்து விடுவதால், மேலெழுந்து மழைமுகிலாக மாறுவதில்லை. கிழக்கே அமேசான் சமவெளியிலிருந்து வரும் ஈரத்தை ஆந்தீஸ் மலைத்தொடர் தடுத்து நிறுத்திவிடுகிறது. இவ்வாறு இரு பக்கமும் வழியடைபட்டதால், உலகின் மிக வறண்ட பாலைகளுள் ஒன்றாகிய அதகாமா உண்டாயிற்று. கரையோர நகரங்களில் ஆண்டு முழுவதற்கும் பெய்யும் மழை சில மில்லிமீட்டருக்கு மேல் இல்லை. கடலிலிருந்து எழும் அடர்ந்த மூடுபனி மட்டும் குன்றுகளின் மேல் தவழ்கிறது. அதனைக் கமன்சாகா என்பர். அதன் ஈரத்தை நம்பியே கரைக்குன்றுகளில் சில செடிகள் உயிர்வாழ்கின்றன.

கடற்கரையிலிருந்து கிழக்கு நோக்கிச் சென்றால் நிலம் படிப்படியாக உயர்கிறது. முதலில் ஒடுங்கிய கரை. அதன் பின்னால் சுவர்போல் செங்குத்தாக எழும் கரையோர மலை. அதனைக் கடந்தால் பம்பா என்னும் வறண்ட மேட்டுவெளி; வெடியுப்பு கிடைத்தது இங்கேதான். அதற்கப்பால் செம்புக் கனிகள் செறிந்த தொமெய்க்கோ மலைத்தொடர். அதனையும் தாண்டினால், கடல் மட்டத்திற்கு மேல் 2,300 மீட்டர் உயரத்தில், அதகாமா உப்பளம் ஏறத்தாழ 3,000 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கிறது. அதன் அடியிலுள்ள உவர்நீரிலிருந்தே மின்கலங்களுக்கு வேண்டிய லித்தியம் எடுக்கப்படுகிறது. இறுதியில் ஆந்தீஸ் எரிமலைகள். அவற்றுள் யுயையாக்கோ 6,739 மீட்டர் உயரமுள்ளது.

இத்துணைப் பெரிய மாகாணத்தில் கடலைச் சென்றடையும் ஆறு ஒன்றே ஒன்று, லோவா. ஆந்தீசில் பிறந்து, தெற்கே இறங்கி, கலாமா நகரருகே மேற்கே திரும்பி, மீண்டும் வடக்கே ஏறிப் பின்னரே கடலை அடைகிறது. நீளம் சுமார் 440 கிலோமீட்டர். சிலியின் மிக நீண்ட ஆறு அதுவே. ஆயினும் நம் காவிரியைக் கண்ட கண்ணுக்கு அது ஒரு வாய்க்காலாகவே தோன்றும்.

மக்கள் வந்த வரலாறு

இந்நிலத்தின் தொன்மையான குடிகள் இருவகையினர். உள்நாட்டுச் சோலைகளில் ஊற்றுநீரைக் கொண்டு சோளமும் காய்கறியும் பயிரிட்டவர், லிக்கான் அந்தாய் எனத் தம்மை அழைத்துக்கொள்ளும் அதகாமேனியர். கரையோரத்தில் மீன்பிடித்து வாழ்ந்தவர் சாங்கோ மக்கள். இவர்கள் கடற்சிங்கத்தின் தோலைத் தைத்துக் காற்றடைத்து, அதனையே தெப்பமாகக் கொண்டு கடலில் சென்றனர். சாங்கோ மக்கள் அழிந்தே போயினர் என்று ஏட்டில் எழுதப்பட்டிருந்தது. அவர்தம் வழிவந்தோர் விடாது வற்புறுத்தியதன் பயனாக, 2020-ஆம் ஆண்டில் சிலி அரசு சட்டத்தின் வாயிலாக அவர்களை ஒரு தொல்குடியாக ஏற்றுக்கொண்டது. கணக்கில் எழுதப்படாதவர் இல்லாதவர் ஆகிவிடுவர் என்பதற்கு இது முதற்சான்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இக்கரை பொலிவியா நாட்டின் ஆட்சியில் இருந்தது. 1866-இல் இங்கு வெடியுப்பு கண்டுபிடிக்கப்பட்டது. 1868-இல் அந்தோபகாஸ்தா நகர் முறையாக நிறுவப்பட்டது. 1870-இல் கராகோலஸ் என்னுமிடத்தில் வெள்ளியும் கிடைத்தது. உடனே தெற்கிலிருந்து சிலி நாட்டுத் தொழிலாளர் கூட்டங்கூட்டமாக வந்தனர். பொலிவியாவின் கொடி பறந்த நகரில், பத்தாண்டுக்குள் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் சிலி நாட்டவர் ஆயினர்.

1878-இல் வெடியுப்பின்மேல் பொலிவியா விதித்த வரியை ஒட்டிப் பிணக்கு மூண்டது. 1879 பிப்ரவரி 14 அன்று சிலியின் படை நகரைக் கைப்பற்றியது. பெருவும் பொலிவியாவின் பக்கம் சேர, 1884 வரை போர் நடந்தது. 1888-இல் சிலி இதனைத் தன் மாகாணமாக அமைத்தது. 1904-இல் உடன்படிக்கை மூலம் பொலிவியா இக்கரையை விட்டுக்கொடுத்தது. கடலை இழந்த அந்நாடு, அதனை மீளப் பெறும் பொருட்டு உலக நீதிமன்றம் வரை சென்றது. பொலிவியாவுடன் பேச்சு நடத்தச் சிலிக்குச் சட்டக் கடப்பாடு இல்லை என 2018 அக்டோபர் 1 அன்று தீர்ப்பு வந்தது.

வெடியுப்புக் காலத்தில் தொழிலாளர் வந்த முறை நமக்குப் புதிதன்று. தெற்கிலுள்ள சிற்றூர்களுக்கு ஆள்பிடிக்கும் தரகர் சென்று, கைநிறையக் கூலி கிடைக்கும் என ஆசை காட்டி, கப்பலேற்றிக் கொண்டுவந்தனர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயா இரப்பர்த் தோட்டங்களுக்கும் நம் மக்களைக் கொண்டுசென்ற கங்காணி முறையை அறிந்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. வந்தவர்க்குப் பணமாகக் கூலி கொடுக்கப்படவில்லை. கம்பெனி அடித்த வில்லைகளே கூலியாயின. அவ்வில்லை கம்பெனிக் கடையிலன்றி வேறெங்கும் செல்லாது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொண்டது கம்பெனி.

அக்காலத்தில் சிலி அரசின் வருவாயில் ஏறத்தாழப் பாதி வெடியுப்பின் ஏற்றுமதி வரியிலிருந்தே கிடைத்தது. ஆனால் 1913-இல் ஜெர்மனியில், காற்றிலுள்ள நைட்ரஜனைக் கொண்டு உரம் செய்வதற்கு வழிகோலும் முதல் ஆலை இயங்கத் தொடங்கியது. முதல் உலகப் போர் முடிந்தபின் அம்முறை எங்கும் பரவியது. 1930-ஐ ஒட்டிய உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்துகொண்டது. பாலையிலிருந்த வெடியுப்பு ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெறிச்சோடின. 1924-இல் திறக்கப்பட்ட சக்கபூக்கோ என்னும் ஊர் இருபதாண்டு நிறையுமுன்னே மூடப்பட்டது. 1973, 1974-ஆம் ஆண்டுகளில் இராணுவ ஆட்சி அதனை அரசியல் கைதிகளின் சிறைமுகாமாக்கியது. 1926-இல் எழுந்த மரியா எலேனா ஒன்றே மக்கள் இன்னும் வாழும் வெடியுப்பு நகராக எஞ்சியுள்ளது. மற்றவை இருந்த இடங்களில் மரச்சிலுவைகள் நிற்கும் இடுகாடுகளே அடையாளம். மழையில்லாத நாட்டில் மரம் மக்குவதில்லை அல்லவா!

கம்பெனி கட்டிய ஊர்

வெடியுப்பு சாய்ந்த இடத்தில் செம்பு எழுந்தது. கலாமாவுக்கு அருகில் சுக்கிகமாத்தா என்னுமிடத்தில் 1915-இல் அமெரிக்கக் கம்பெனி ஒன்று பெருஞ்சுரங்கம் தொடங்கியது. அதற்கு வேண்டிய மின்சாரம் தோகோபியா என்னும் கரையோர நகரின் அனல் நிலையத்திலிருந்து வந்தது. 1971-இல் சிலி அரசு பெருஞ்செம்புச் சுரங்கங்களை நாட்டுடைமை ஆக்கியது. இன்று கோதெல்கோ என்னும் அரசுக் கம்பெனி அதனை நடத்துகிறது. நூறாண்டுத் தோண்டலில் உண்டான பள்ளம் நாலு கிலோமீட்டருக்கு மேல் நீளமும், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆழமும் உடையது. மேலும் ஆழமாக வெட்ட இயலாமையால், 2019 முதல் நிலத்தடிச் சுரங்கமாக வேலை நடைபெறுகிறது.

பள்ளத்தின் கரையிலேயே கம்பெனி ஓர் ஊரையும் கட்டியிருந்தது. பள்ளி, மருத்துவமனை, திரையரங்கு, கோயில், விளையாட்டரங்கு எல்லாம் இருந்தன. உச்சநிலையில் சுமார் 25,000 பேர் அங்கு வாழ்ந்தனர். பிள்ளைகள் அங்கே பிறந்தனர், பேரப்பிள்ளைகளும் பிறந்தனர். ஆயினும் ஒரு வீடேனும் குடியிருந்தவருக்குச் சொந்தமன்று. தூசியும் புகையும் உடலுக்குக் கேடு என்பது ஒரு காரணமாகவும், வெட்டிய கழிவுப் பாறையைக் கொட்ட இடம் வேண்டும் என்பது மற்றொரு காரணமாகவும், அம்மக்கள் அனைவரும் கலாமா நகருக்குக் குடிபெயர்க்கப்பட்டனர். 2007-ஆம் ஆண்டில் ஊர் மூடப்பட்டது. பல தலைமுறையினர் பிறந்த மருத்துவமனை கழிவுப் பாறையின் அடியில் மறைந்து போயிற்று.

கோலார் தங்கவயலை அறிந்த நம் வாசகருக்கு இச்செய்தி நெஞ்சைத் தொடும். தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்ற ஆயிரமாயிரம் குடும்பங்கள் மூன்று நான்கு தலைமுறையாக அங்கே சுரங்கத்தை நம்பி வாழ்ந்தன. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. சுக்கிகமாத்தாவில் சுரங்கம் நின்றது, ஊர் போயிற்று; தங்கவயலில் ஊர் நின்றது, சுரங்கம் போயிற்று. எஞ்சிய மக்கள் விடியுமுன் தொடர்வண்டியேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்பும் வாழ்க்கையை மேற்கொண்டனர். நிலத்தடியிலுள்ள பொருளுக்காக எழுந்த ஊரில், நிலத்தின் மேலுள்ள மனிதருக்கு உரிமை எழுதப்படாவிட்டால் இவ்விரண்டில் ஒன்று நேர்வது திண்ணம்.

தண்ணீரின் விலை

பாலையில் சுரங்கம் வைப்பது எளிது. மனிதருக்குத் தண்ணீர் கொடுப்பதே அரிது. தொடக்க காலத்தில் கடல்நீரைக் காய்ச்சி வடித்துப் பீப்பாயில் விற்றனர். 1872-இல் லாஸ் சலினாஸ் என்னுமிடத்தில், கண்ணாடிக் கூரையின் கீழ் உவர்நீரைப் பரப்பி, வெயிலாலேயே ஆவியாக்கி நன்னீர் எடுக்கும் ஆலை ஒன்று அமைக்கப்பட்டது. கதிரவனின் வெப்பத்தைக்கொண்டு பேரளவில் குடிநீர் எடுத்த முதல் ஆலைகளுள் அது ஒன்று.

நகர் வளரவே, 1958-இல் ஆந்தீஸ் மலையாறுகளின் நீர் நெடுந்தொலைவு குழாய்வழி அந்தோபகாஸ்தாவுக்குக் கொண்டுவரப்பட்டது. குழாயில் தெளிந்த நீர் வந்தது கண்டு மக்கள் மகிழ்ந்தனர். ஆனால் எரிமலைப் பாறைகளில் ஊறிவந்த அந்நீரில் ஆர்செனிக் என்னும் பாஷாணம் கலந்திருந்தது. அளவோ லிட்டருக்குச் சுமார் 860 மைக்ரோகிராம். இன்று உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள வரம்பு 10 மட்டுமே. நிறமில்லை, மணமில்லை, சுவையிலும் வேறுபாடில்லை. குழந்தைகளின் தோலில் நோய்க்குறிகள் தோன்றியபின்னரே உண்மை வெளிப்பட்டது. 1970-இல் நீரைத் தூய்மைப்படுத்தும் நிலையம் அமைக்கப்பட்டது.

பன்னிரண்டு ஆண்டுகள் மட்டுமே மக்கள் அந்நீரைப் பருகினர். எனினும் அதன் கேடு பன்னிரண்டு ஆண்டுகளில் முடியவில்லை. நுரையீரல் புற்றுநோயும் சிறுநீர்ப்பைப் புற்றுநோயும் அம்மாகாணத்தில் பிற இடங்களைவிடப் பன்மடங்கு மிகுந்தன. பல்லாண்டுகள் கழிந்த பின்னும் அது குறையவில்லை. அக்காலத்தில் தாயின் வயிற்றிலும் தொட்டிலிலும் இருந்தவர்கள், வளர்ந்து ஆளான பின் நோயுற்றதை மருத்துவ ஆய்வாளர் கண்டறிந்தனர். நகருக்கு வந்து சேர்ந்த மக்களின் எண்ணிக்கையைக் கண்டு குழாய் போட்டவர்கள், குழாயில் வருவது யாதெனச் சோதிக்கத் தவறியதன் விலை இது.

2003 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை நகருக்கு நீர் வழங்கி வருகிறது. உலகிலேயே மிகுதியாகச் செம்பு தரும் எஸ்கோந்தீதா சுரங்கமும், கடல் மட்டத்திற்கு மேல் 3,000 மீட்டருக்கு மேற்பட்ட தன் இடத்திற்குக் கடல்நீரையே நன்னீராக்கி ஏற்றிக்கொள்கிறது. 2019-ஆம் ஆண்டின் இறுதியோடு அது தன் தேவைக்கு நிலத்தடி நீரை இறைப்பதை நிறுத்தியது. ஆயினும் அதகாமா உப்பளத்தைச் சூழ்ந்து வாழும் லிக்கான் அந்தாய் ஊரார், லித்தியத்துக்காக உவர்நீரை இறைப்பதால் தங்கள் ஊற்றுகள் வற்றும் என அஞ்சி முறையிட்டு வருகின்றனர்.

தலைக்கணக்கு

இனி மக்கள்தொகையைப் பார்ப்போம். மாகாணத்தில் உள்ள நகராட்சிகள் ஒன்பது. 2017-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்தோபகாஸ்தா நகராட்சியில் 3,61,873 பேர்; கலாமாவில் 1,65,731 பேர். இவ்விரண்டிலுமாக நூற்றுக்கு 86 பேருக்கு மேல் அடங்கிவிட்டனர். தோகோபியாவில் 25,186; மெஹியோனஸில் 13,467; தால்தாலில் 13,317; சான் பெத்ரோ தெ அதகாமாவில் 10,996; சியேரா கோர்தாவில் 10,186; மரியா எலேனாவில் 6,457; பொலிவிய எல்லையில் உள்ள ஒயாகுவேயில் 321.

இவற்றுள் சியேரா கோர்தாவின் கணக்கு விந்தையானது. அங்குள்ளவை ஓரிரு சிற்றூர்களே. அவ்வாறிருக்கப் பதினாயிரம் பேர் எங்கிருந்து வந்தனர்? 2017-இல் சிலி மேற்கொண்டது, ஏப்ரல் 19 அன்று, முந்திய இரவில் யார் எங்கே தங்கினரோ அவரை அங்கேயே எண்ணும் முறை. சுரங்க முகாம்களில் அவ்விரவு படுத்துறங்கிய தொழிலாளர் பெரும்பாலும் அவ்வூர்க் கணக்கில் ஏறினர். அவர்கள் ஏழு நாள் வேலை, ஏழு நாள் ஓய்வு என்னும் முறையில் விமானமேறி வந்து செல்பவர்கள். மனைவி மக்கள் வாழ்வது தெற்கே லா செரேனாவிலோ தலைநகர் சந்தியாகோவிலோ. உழைப்பு இங்கே, உறவு அங்கே. தூசி இங்கே; செலவிடும் பணம் அங்கே. 2024-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சிலி இம்முறையை மாற்றி, வழக்கமாக வாழும் இடத்திலேயே ஒவ்வொருவரையும் எண்ணியது. இரு முறைகளில் எதைக் கொண்டாலும் ஓர் ஊர் இழக்கிறது: எண்ணினால், இல்லாத குடும்பங்களுக்குப் பள்ளி கட்ட நேரும், எண்ணாவிட்டால், பதினாயிரம் பேர் பயன்படுத்தும் சாலைக்கும் சாக்கடைக்கும் பொருள் கிடையாது.

மற்றொரு பிரிவினர் இதற்கு நேர்மாறானவர்கள். வேலை தேடிப் பொலிவியா, கொலம்பியா, பெரு ஆகிய நாடுகளிலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள். 2017-இல் மாகாணத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். நகரின் செம்புச் செல்வம் வாடகையை ஏற்றிவிட, இவர்களுள் பலர் மலைச்சரிவுகளில் பலகையும் தகரமும் கொண்டு குடிசை அமைத்தனர். 1991 ஜூன் 18 அன்று சில மணி நேரம் பெய்த மழையில், அதே மலையின் ஓடைகள் வழியே சேறு பெருக்கெடுத்து, 90-க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. மழையையே காணாத ஊரில் மழைக்கு வடிகால் இல்லை. சரிவிலும் ஓடைக்கரையிலும் வாழ்வோருக்கே அந்த ஆபத்து முதலில் வருகிறது. நாட்டின் மண்டலங்களுள் தலைக்குரிய உற்பத்தியில் முன்னிற்கும் ஒரு மாகாணத்தின் நிலை இது.

நாம் கொள்ளவேண்டுவது

வளம் இருக்கும் இடமெல்லாம் ஊர் ஆகிவிடாது என்பதே அந்தோபகாஸ்தா நமக்குக் கூறும் பாடம். வெடியுப்பு ஊர்கள் அழிந்தன. அந்தோபகாஸ்தா நகர் அழியவில்லை. துறைமுகம், பொலிவியாவுக்குச் செல்லும் இரயில்பாதை, வாணிகம், பல்கலைக்கழகங்கள் எனப் பலவற்றில் அது வேரூன்றியதால், ஒரு கனி தீர்ந்தபோதும் மக்கள் நின்றனர். வெறும் கூலிக்காக வந்தவர், வீடு, பள்ளி, வாக்குரிமை, சங்கம் ஆகியவற்றைத் தமக்கென உண்டாக்கிக்கொண்ட இடத்திலேயே ஊர் நிலைத்தது.

இவற்றுள் முதற்படி கணக்கில் இடம்பெறுவது. நம் நாட்டில் 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது பிறந்த இடம், முன்பு வாழ்ந்த இடம், இடம்பெயர்ந்த காரணம், தாய்மொழி ஆகியவையும் கேட்டுப் பதியப்பட்டன. அதன்பின் வரும் கணக்கெடுப்பிற்கு 2027 மார்ச் 1 ஆதார நாளாகும் என்று இந்திய அரசு 2025 ஜூன் மாதம் அறிவித்தது. வாடகை வீட்டில் இருக்கிறோம், இன்றோ நாளையோ ஊர் திரும்பிவிடுவோம், நமக்கேன் இது என்று நம்மவருள் சிலர் ஒதுங்கி நிற்பதுண்டு. அது முறையன்று. கணக்கெடுப்போர் வரும்பொழுது வீட்டிலுள்ள அனைவரின் பெயரையும், கைக்குழந்தை உட்பட, தவறாது கூறவேண்டும். தாய்மொழி தமிழ் என்பதைத் தயக்கமின்றிச் சொல்லிப் பதியச் செய்யவேண்டும். தமிழ்வழிப் பள்ளிக்கோ, பாட நூலுக்கோ, ஆசிரியருக்கோ அரசை நாம் அணுகும்போது, முதலில் கேட்கப்படும் வினா, நீங்கள் எத்தனை பேர் என்பதே. அதற்கு விடை நம் வாய்ச்சொல்லில் இல்லை. அந்த ஏட்டில் உள்ளது.